கம்பெனி பஸ்ஸுக்கும் பள்ளி மணிக்கும் நடுவில்

எங்கள் ஊரில் கோடை தொடங்கினால் வீடு தேடி வந்து கும்பிடுகிறவர்கள் இரண்டு வகை. தேர்தல் இருந்தால் கட்சிக்காரர்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆசிரியர்கள். அந்த ஆண்டு ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை ஒரு பதாகை, இரண்டு ஆசிரியர்கள், வெயிலில் வாடிய ஏழெட்டுப் பிள்ளைகள் சகிதமாக எங்கள் வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்த்ததும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. மாவட்டக் கல்வி அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் அவருடைய மாறுதல் கோப்பு என் மேசையைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

"சார், உங்க வீட்டுலயே வந்து கேக்க வேண்டியதாப் போச்சு. பேத்திக்கு அஞ்சு முடிஞ்சிருச்சில்ல?"

"முடிஞ்சிருச்சு."

"நம்ம ஸ்கூல்லயே போட்டுடுங்க சார். இன்னும் ரெண்டு புள்ளைங்க சேந்தா ஒரு போஸ்ட் நிக்கும்."

மற்ற வீடுகளில் அவர் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். காலை உணவு, இலவசப் புத்தகம், ஆங்கில வழி என்று அடுக்கியிருப்பார். ஆகஸ்டு மாதம் தலைகளை எண்ணி, குறைந்தால் ஓர் ஆசிரியரை உபரி என்று எழுதி வேறு ஊருக்குத் தள்ளிவிடுவார்கள். அப்படிப்பட்ட பட்டியல்களை ஆண்டுக்கணக்காகச் சரிபார்த்தவன் நான் என்பதால் என்னிடம் நேராக வந்துவிட்டார்.

"உங்க பேத்தி எங்க படிக்குது டீச்சர்?" என்று கேட்டேன்.

"ஆம்பூர்ல, ப்ரைவேட்ல. அது என் மருமவ முடிவு சார்."

"இங்கயும் அதே சட்டந்தான்."

பதாகையின் ஒரு முனையைப் பிடித்திருந்த ஆசிரியர் தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். தலைமை ஆசிரியை மோர் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

என் மருமகள் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தைத்து வரும் ஷூ மேல்பாகங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத் தையல் விலகியதை ஒதுக்குவது அவள் வேலை. என் மகனும் அதே கம்பெனியில்தான் இருந்தான். அதற்கு முந்தைய ஐப்பசியில், வேலை முடிந்து பைக்கில் திரும்பும்போது நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்துபோனான். என் மனைவி சில ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டாள். வீட்டில் மிச்சம் இருந்தது நான், மருமகள், பேத்தி.

மகன் இறந்தபிறகு சில மாதங்கள் நான் நன்றாகத்தான் இருந்தேன். வேலை இருந்தது. காவல் நிலையம், ஆஸ்பத்திரி, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வைப்பு நிதி, விபத்து வழக்குக்கான மனு. எந்த மேசையில் எந்தத் தாளைக் கொடுக்க வேண்டும், எதற்கு எத்தனை நகல், எந்த எழுத்தர் சாப்பிடப் போனால் அன்றைக்குத் திரும்பமாட்டார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. துக்கம் கேட்க வந்தவர்கள் என்னைத் தைரியசாலி என்றார்கள். ஒரு நாள் கடைசித் தாளும் கைக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க ஒரு காரணமும் தெரியவில்லை. அதன் பிறகு பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தேன். அழுகை வரவில்லை. தூக்கம் கெடவில்லை. பசித்தது என்று சொல்ல முடியாது, தட்டு வைத்தால் சாப்பிட்டேன். செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு மடித்து வைப்பேன். என்ன படித்தேன் என்று யாராவது கேட்டிருந்தால் சிக்கலாகியிருக்கும். யாரும் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் பேத்தியை ஒன்றாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது என்ற பேச்சு வந்தது.

பேச்சை ஆரம்பித்தவர் மருமகளின் அண்ணன். காட்பாடியில் ரயில்வேயில் வேலை, சொந்த வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்வீட்டோடு வந்தார்.

"எங்க வீட்டுக்கு எதிர்ல ஒரு நல்ல ஸ்கூல் இருக்கு மாமா. எல்.கே.ஜி.லேர்ந்து ப்ளஸ் டூ வரைக்கும். புள்ளைய அங்க சேத்துடலாம். என் வீட்டுக்காரி சும்மாத்தான் இருக்கா, பாத்துக்குவா. இவ காலைல ட்ரெய்ன் புடிச்சி ஆம்பூர் வந்துடலாம். தினம் எவ்ளோ பேரு வர்றாங்க."

"ட்ரெய்ன் லேட்டுன்னா கம்பெனி கேட்ல நிறுத்திடுவாங்கண்ணா" என்றாள் மருமகள்.

"வேற கம்பெனி பாத்துக்கலாம் ம்மா. ராணிப்பேட்டைல இல்லாத கம்பெனியா?"

கணவனை இழந்த தங்கையையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு போகிறேன் என்று மாமனாரின் முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. பள்ளிக்கூடம் என்றால் சொல்லலாம். அவர் நல்ல மனிதர், தங்கையின் மேல் உண்மையான அக்கறை உள்ளவர். அதனால் எனக்குக் கோபப்படவும் வாய்ப்பில்லாமல் போயிற்று. காட்பாடிப் பள்ளி என்றால் இந்த வீட்டில் நான் மட்டும். ஊர்ப் பள்ளி என்றால் மூவரும். பேசிக்கொண்டிருந்த பெரியவர்கள் மூவருக்குமே இது தெரிந்திருந்தது. ஆனால் மூவரும் ஆங்கிலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

நான் எனக்குத் தெரிந்த வழியில் வாதாடினேன். அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் தனி ஒதுக்கீடு உண்டு, பொறியியலிலும் உண்டு, பெண்பிள்ளைகள் கல்லூரிக்குப் போனால் மாதாமாதம் உதவித்தொகை உண்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆறாம் வகுப்பிலிருந்து படித்தால்தான் அவை பொருந்தும் என்பதையும் நேர்மையாகச் சேர்த்துக்கொண்டேன்.

"மாமா, அவளுக்கு இன்னும் ஷூ லேஸ் கட்டத் தெரியாது. நீங்க எம்.பி.பி.எஸ். கவுன்சிலிங் வரைக்கும் போய்ட்டீங்க" என்றாள் மருமகள்.

அவளுடைய அண்ணன் சிரித்துவிட்டு, "உங்க பையன எங்க மாமா படிக்க வெச்சீங்க?" என்றார்.

"ப்ரைவேட்ல."

"கல்வி ஆபீஸ்லயே இருந்துக்கினு?"

"கல்வி ஆபீஸ்ல எல்லாருமே அப்படித்தான் வெச்சிருந்தோம்."

இதற்கு மேல் வாதம் ஓடவில்லை. பேத்தி ஸ்வீட் பெட்டியிலிருந்த மைசூர்பாக்கைத் தனக்கு எடுத்துக்கொண்டு, எனக்கு உதிர்ந்த தூளைக் கொடுத்தாள்.

எங்கள் தெருவில் பெரும்பாலான பிள்ளைகள் தனியார் பள்ளிக்குத்தான் போகிறார்கள். நான் இதைப் பணியில் இருந்தபோது ஆங்கில மோகம் என்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஓய்வுபெற்று வாசலில் உட்கார்ந்த பிறகுதான் வேறொன்று கண்ணில் பட்டது. கம்பெனி பஸ் காலை ஆறரைக்கு வந்து ஹாரன் அடிக்கும். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சாப்பாட்டுப் பையுமாகப் பெண்கள் ஓடுவார்கள். அவர்களோடு சீருடை போட்ட பிள்ளைகளும் வந்து நிற்கும். தனியார் பள்ளியின் வேன் அதே இடத்துக்கு அதே நேரத்துக்கு வந்துவிடும். தாய்மார்கள் பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டுப் பஸ்ஸில் ஏறுவார்கள். அந்தப் பிள்ளைகள் வேனிலேயே தூங்கி, பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து, மணி அடிக்கும்வரை காத்திருக்கும். சாயங்காலமும் அப்படியே. வேன் வாங்கிய பள்ளி அந்த நேரத்தைத்தான் விற்கிறது. எங்கள் ஆய்வுப் படிவத்தில் கட்டடத்துக்கு, கழிப்பறைக்கு, கரும்பலகைக்கு எல்லாம் கட்டம் இருந்தது. கம்பெனி பஸ் போன பிறகு குழந்தை யாரிடம் இருக்கிறது என்பதற்குக் கட்டம் இல்லை.

அந்த வேனையும் யோசித்தோம். மருமகள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "ஹைவேல வேணாம் மாமா." காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அதனால் இருந்தவை இரண்டு. மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மூவருமாகக் காட்பாடிக்குப் போய் அந்தப் பள்ளியைப் பார்த்தோம். மருமகளின் அண்ணனும் வந்தார். வரவேற்பறையில் குளிர்சாதனம். சுவரில் நீச்சல் உடையில் ஒரு பையன் கோப்பையோடு சிரித்துக்கொண்டிருந்தான், ஆனால் வளாகத்தில் நீச்சல்குளம் எங்கும் தென்படவில்லை. என் கண் வழக்கப்படி சட்டம் போட்டு மாட்டியிருந்த அங்கீகார ஆணைக்குப் போனது. அதன் காலம் முடிந்திருந்தது.

"புதுப்பிக்கலையா?" என்று தாளாளரைக் கேட்டேன்.

"அப்ளை பண்ணியிருக்கோம் சார். ப்ராசஸ்ல இருக்கு."

"எந்த மேசையில?"

அவர் என்னை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். பிறகு எனக்கு மட்டும் காபி வரவழைத்தார். மருமகளின் அண்ணன் என் காதருகே, "மாமா, நாம இன்ஸ்பெக்ஷனுக்கு வரல" என்றார். அவர் சொன்னது சரி. குறைகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அது மோசமான பள்ளி இல்லை. வகுப்பறைகள் சுத்தமாக இருந்தன. ஓர் இளம் ஆசிரியை பேத்தியிடம் குனிந்து பேசினார், பேத்தியும் பதிலுக்குப் பேசினாள். எதிரே அண்ணன் வீட்டு மாடியிலிருந்து அவருடைய மனைவி கையசைத்தார். கதவைத் திறந்தால் பள்ளி, மூடினால் வீடு. குழந்தைக்கு அதைவிட வசதியான ஏற்பாட்டை நானே உட்கார்ந்து எழுதினாலும் எழுத முடியாது. எனக்குள் ஏதாவது நொறுங்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. காபியில் சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்பதும் தெரியவில்லை.

திரும்பும்போது வேலூரில் பஸ் மாறினோம். உட்கார இடம் கிடைத்தது. பள்ளிகொண்டா தாண்டியதும் பேத்தி என் மடியில் தூங்கிவிட்டாள். மருமகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மாமா, ஒன்னு கேக்கறேன். கோச்சிக்காதீங்க."

"கேளு ம்மா."

"கார்த்தால நான் பஸ் ஏறிடுவேன். ஸ்கூல் தொறக்கற வரைக்கும் இவ யாருகிட்ட இருப்பா? சாயந்திரம் ஸ்கூல் விட்டு நான் வர்ற வரைக்கும்?"

"நான் இருக்கேனே."

"இருக்கீங்க." பேத்தியின் நழுவிய காலை எடுத்து என் மடியில் வைத்தாள். "பால் கருகின அன்னைக்கும் நீங்க இருந்தீங்க மாமா."

நடந்தது இதுதான். மார்ச் மாதத்தில் ஒரு நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருத்து, புகை தெருவுக்குப் போய், எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். நான் தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. புகையைப் பார்த்ததாகவே நினைவு. கை நீட்டி அணைக்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"அண்ணன் சொல்றதுக்காவ நான் யோசிக்கல மாமா. இங்கிலீஷ், தமிழ் எனக்கு அதெல்லாம் ஒன்னும் இல்ல. நானும் கவர்மெண்ட்லதான் படிச்சேன், பி.காம். முடிச்சேன். நான் லைன்ல நின்னுக்கினு இருப்பேன். போனை லாக்கர்ல வெச்சிடுவாங்க. இங்க இன்னா ஆச்சுன்னு டீ டைம் வரைக்கும் எனக்குத் தெரியாது. அத நெனச்சாத்தான் பேஜாரா இருக்கு."

நாற்பது வருடம் எல்லாக் கேள்விக்கும் ஏதாவதோர் அரசாணை எண்ணைச் சொல்லிப் பிழைத்தவனுக்கு இதற்கு எண் கிடைக்கவில்லை. பஸ் எங்கள் ஊர்ப் பக்கம் நெருங்கியதும் வழக்கம்போல இருவரும் சாலையின் ஒரு குறிப்பிட்ட பக்கத்தைப் பார்க்காமல் இருந்தோம்.

இரண்டு மூன்று நாள் கழித்து, அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"வேலைக்குப் புதுசா சேர்றவங்கள நாங்க உடனே நிரந்தரம் பண்றதில்லம்மா. தகுதிகாண் பருவம்னு ஒன்னு உண்டு. அது மாதிரி என்னை வெச்சிப் பாரு."

கத்தி நின்றது. "எத்தினி நாளுக்கு?"

"சர்க்கார்ல ரெண்டு வருஷம்."

"அவ்ளோலாம் ஜாஸ்தி. எனக்குக் காலாண்டுப் பரீட்சை வரைக்கும் போதும்."

ஒன்றாம் வகுப்புக்கு அப்படியொரு பரீட்சை பெரிதாகக் கிடையாது, விடுமுறை மட்டும்தான். அதைச் சொல்லாமல் விட்டேன்.

"அதுக்குள்ள காட்பாடி சீட்டு போய்டுமே மாமா. அண்ணன் கத்துவாரு."

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குத் தெரிந்தது உதவியது. "வருஷத்துல எந்த மாசம் போனாலும் சேத்துக்குவாங்கம்மா. சட்டமும் அப்படித்தான் சொல்லுது. சட்டம் சொல்லலன்னாலும் சேத்துக்குவாங்க. காலி பெஞ்சை வெச்சிக்கினு அவங்க இன்னா பண்ணுவாங்க?"

அன்று மாலை அண்ணன் கத்தியது எனக்கும் கேட்டது. அவள் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "சரிண்ணா... தெரியும்ணா... காலாண்டு வரைக்கும்ணா" என்று மாற்றி மாற்றிச் சொல்லி முடித்தாள்.

ஜூனில் ஊர்ப் பள்ளியில் சேர்த்தோம். தலைமை ஆசிரியை எங்களை எழுந்து நின்று வரவேற்றார். மகிழ்ச்சி என்னைப் பார்த்தா, எண்ணிக்கையைப் பார்த்தா என்று நான் ஆராயவில்லை. பேத்தி மைதானம் முழுவதும் பார்த்துவிட்டு, "தாத்தா, இங்க வேன் இல்லியா?" என்றாள். இல்லை என்றேன். அவளுக்கு அந்தப் பள்ளியின் மேல் மரியாதை குறைந்துவிட்டது.

மருமகள் இருட்டிலேயே எழுந்து சமைத்து, தூங்கும் குழந்தைக்குத் தலை பின்னிவிட்டுப் போவாள். பாதித் தூக்கத்தில் பின்னிய சடை ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருக்கும். அதில் கை வைக்கக்கூடாது என்பது எனக்கு உத்தரவு. பஸ் போன பிறகு நான் பேத்தியை எழுப்ப வேண்டும், பல் தேய்க்க வைக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், சட்டைப் பொத்தானைப் போட வேண்டும். முதல் சில வாரங்களில் இவற்றில் எதையும் நான் ஆசையோடு செய்ததாகச் சொல்லமாட்டேன். கோப்பை நகர்த்துவதுபோலச் செய்தேன். ஒன்று முடிந்தால் அடுத்தது. குழந்தைக்கு வித்தியாசம் தெரிந்ததாகத் தோன்றவில்லை. "தாத்தா, வலது காலுக்கு இடது செருப்பு" என்று மட்டும் சொல்வாள். மாற்றிப் போடுவேன். சமையலறையில் அடுப்பைப் பற்றவைக்காமலே சமாளித்தேன், பள்ளியில் காலைச் சாப்பாடு இருந்ததால்.

அங்கே சமைக்கிற பெண் எங்கள் பக்கத்துத் தெரு. முன்பு மருமகளோடு அதே கம்பெனியில் வேலை பார்த்தவள், குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டாள். பிள்ளைகள் சாப்பிடும்போது தினமும் போனில் படம் எடுத்து மேலே அனுப்ப வேண்டும் என்பது விதி. முதல் நாளே கவனித்தேன். வரிசையை மொத்தமாக எடுத்துவிட்டு, பேத்தியை மட்டும் தனியாக ஒன்று எடுத்தாள். இரண்டாம் நாளும் எடுத்தாள்.

"இது யாருக்கும்மா?" என்றேன்.

அவள் மறைக்கவில்லை. "உங்க மருமவளுக்கு சார். டீ டைம்ல லாக்கர தொறந்து பாக்கும். தினம் ஒன்னு அனுப்பச் சொல்லிச்சி."

எனக்கு வருத்தமில்லை. அவளிடத்தில் நான் இருந்திருந்தாலும் எனக்கு மேல் ஓர் ஆய்வாளரை வைத்திருப்பேன். படத்தில் விழாமல் இருக்கத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"எங்க போறீங்க? நீங்களும் வந்து நில்லுங்க. உங்களயும் சேத்துத்தான் கேட்டிச்சி."

"என்னையா? எதுக்கு?"

"எதுக்குன்னா? கார்த்தாலேர்ந்து தாத்தா ஒன்னும் சாப்ட்டிருக்க மாட்டாரு, முகத்தப் பாத்தாத் தெரிஞ்சிடும்னு சொல்லிச்சி. ஒரு கரண்டி உப்புமா துன்றீங்களா?"

"பெரியவங்க சாப்பிடக் கூடாதும்மா. பிள்ளைங்களுக்கு ஒதுக்கினது."

"அப்ப ருசி பாருங்க. பெத்தவங்க யாராவது ருசி பாக்கலாம்னு எங்களுக்கு மீட்டிங்ல சொல்லிருக்காங்க."

அப்படி ஒரு விதி உண்டு. நானே அதைச் சுற்றறிக்கைகளில் பார்த்திருக்கிறேன். கையில் வாங்கி வாயில் போட்டேன்.

"உப்பு எப்பிடி சார்?"

தெரியவில்லை. இன்னொரு வாய் போட்டேன். அதிலும் தெரியவில்லை. "சரியா இருக்கு" என்றேன். தரையில் உட்கார்ந்திருந்த பேத்தி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கம்மி" என்றாள். சமைத்த பெண் ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்து, "ஆமா, கம்மிதான்" என்று உப்பு டப்பாவை எடுக்க உள்ளே போனாள்.

செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை விட்டதும் அண்ணன் வந்து இருவரையும் காட்பாடிக்கு அழைத்துப் போனார். மருமகள் கம்பெனியில் விடுப்பு சொல்லியிருந்தாள். பெட்டி கொஞ்சம் பெரிதாக இருந்ததைப் பார்த்தேன். எத்தனை துணி எடுத்து வைத்தாள் என்று பார்க்கவில்லை. திரும்பி வரும் தேதியை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன இடத்தில் எதிரே இருக்கும் அந்தப் பள்ளிக்கு இன்னொரு முறை போனார்களா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வீட்டில் நான் மட்டும் இருந்தேன். காலையில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் எழுந்துவிடுவேன். எழுப்புவதற்கு ஆள் இல்லை என்பது பல் தேய்த்து முடித்த பிறகுதான் நினைவுக்கு வரும். ஒருநாள் அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சினேன். பொங்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். பொங்கியதும் அணைத்தேன். குடிக்கத்தான் மறந்துவிட்டேன்.

பள்ளி திறக்கும் முந்தைய நாள் மாலை, பஸ் நிறுத்தத்திலிருந்து இருவரும் நடந்து வந்தார்கள். அண்ணன் உடன் வரவில்லை. பெட்டியை மருமகளே தூக்கிக்கொண்டு வந்தாள். நான் வாசலுக்குப் போய் வாங்கிக்கொண்டேன். பேத்தி என்னைத் தாண்டி உள்ளே ஓடி, தன் புத்தகப்பை இருக்கிறதா என்று பார்த்தாள்.

மருமகள் முகம் கழுவிவிட்டு வந்தாள். முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு ஷிப்மெண்ட் இருக்கு மாமா. பஸ் கொஞ்சம் முன்னாடியே வந்துடுமாம். தலை பின்ன எனக்கு நேரம் இருக்காது. நீங்களே பின்னிடுங்க."

"எனக்குப் பின்ன வராதே ம்மா."

"மூணு பிரியா எடுத்து மாத்தி மாத்திப் போடறதுதான. வாங்க, இப்பவே காட்றேன்."

பேத்தியைப் பிடித்து இருவருக்கும் நடுவில் தரையில் உட்காரவைத்தாள். ஒரு பக்கத்தை அவள் பின்னினாள். இன்னொரு பக்கத்தை என்னிடம் விட்டாள்.